முகப்பில் இல்லாத ஒரு வரி

பிப்ரவரி 4

சுண்டுவுக்கு,

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்திலேயே யார் குரல் பெரியது என்ற போட்டியாகிவிடும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

நேற்றுக் காலை பட்டறையைத் திறந்து மெழுகைச் சூடு செய்ய வைத்திருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலையாம். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதற்குப் பிறவியிலேயே இடது கண் இல்லை. இமை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இருபது வருடமாகச் செயற்கைக் கண் செய்கிறவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் குழி வளராமல் நின்றுவிட்டது, முகமே ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. பிறந்த சில வாரங்களில் கொண்டுவந்திருந்தால் பட்டாணி அளவில் ஒரு சின்ன உருண்டை வைத்து, மாதத்துக்கு மாதம் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருப்பேன். எலும்பும் இடம் விட்டு வளர்ந்திருக்கும்.

ஏம்மா இவ்வளவு நாள் என்று கேட்டேன். "உங்க வெப்சைட்டை அப்பவே பாத்தேங்க. பெரியவங்களுக்கு மட்டும்தான் செய்வீங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள். ஏதோ எழுதியும் பார்த்தாளாம். கடைசியில் தடுப்பூசி போடுகிற நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் இங்கே வந்திருக்கிறாள்.

நீ எனக்கு வெப்சைட் செய்தபோது நோட்டுப் புத்தகத்தில் பதினாறு பக்கம் என் கையால் எழுதி உனக்கு அனுப்பினேன். 'பிறந்த குழந்தைக்கும் கண் வைக்கலாம், தாமதிக்க வேண்டாம்' என்று அதில் ஒரு வரி உண்டு. நேற்று உன் அண்ணியிடம் அந்த வெப்சைட்டைத் திறக்கச் சொன்னேன். திரை முழுக்க ஒரு கண் திறந்து திறந்து மூடுகிறது. அதற்குக் கீழே 'பார்வைக்கு ஒரு கலை' என்று இருக்கிறது. என் வரியைக் காணோம். அது எங்கே போனது?

அந்த வெப்சைட்டின் திறப்பு விழா அன்று உன் அலுவலகத்துக்காரர்கள் முன்னால், "இது என் கடை இல்ல, உன் கண்காட்சி" என்று சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்லை.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மின்னஞ்சல் அனுப்பினால் நீங்கள் திறக்கமாட்டீர்கள் என்பதால் நானும் தபாலில் அனுப்புகிறேன்.

இத்துடன் ஆறு தாள்கள் இணைத்திருக்கிறேன். அந்த இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் உங்களுக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டேன். நீங்கள் அனுப்பிய பதில்கள்: 'சரி', 'சரி', 'நல்லா இருக்கு', 'சரி', 'சரி', 'சரி சரி'. தட்டியது அண்ணியின் விரலாக இருக்கலாம். சொன்னது நீங்கள்.

அந்தத் தளத்துக்கு விருது கிடைத்தது. எங்கள் நிறுவனத்துக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று நீங்கள் சொன்ன 'கண்காட்சி'யை மட்டும் என்னுடன் வேலை செய்பவர்கள் இன்னும் விடவில்லை. நான் எதைச் செய்து முடித்தாலும், "என்ன, அடுத்த கண்காட்சியா?" என்கிறார்கள். சிரித்துவிட்டு என் மேசைக்குப் போய்விடுவேன்.

ஒரு வரி எங்கே போனது என்று கேட்கிறீர்கள். பதினாறு பக்கத்தையும் அப்படியே போட்டிருந்தால் யார் படித்திருப்பார்கள்? வருகிறவரை ஒரு நொடியில் நிறுத்த வேண்டும். அதுதான் என் தொழில்.

அந்தக் குழந்தைக்கு இனி எதுவும் செய்ய முடியாதா? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

தங்கை


பிப்ரவரி 17

சுண்டு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நீ நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

படிக்காமல்தான் சரி என்றேன். ஒத்துக்கொள்கிறேன். உன் அண்ணி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வந்தாள். நான் கையில் தூரிகையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

குழந்தைக்குச் செய்ய முடியும். முழுதாக முடியாது. முதல் உருண்டையை வைத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அளவு மாற்ற வேண்டும். பிறகு ஒருவேளை அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம் என்று கண் டாக்டர் சொல்கிறார். குழந்தை என் சிவப்புப் பட்டுநூல் கண்டை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். கண்ணின் வெள்ளையில் நரம்புகளாக ஒட்டுகிற நூல் அது. அதை வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் கீழே உட்கார்ந்துதான் அளவெடுத்தேன்.

அவள் அம்மா சொன்ன ஒன்று உறுத்துகிறது. குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள், அந்த வெப்சைட்டுக்குள்ளேயே 'எங்களுக்கு எழுதுங்கள்' என்ற இடத்தில் எழுதி அனுப்பினாளாம். எனக்கு எதுவும் வரவில்லையே என்றேன். அவள் போனை எடுத்துக் காட்டினாள். அனுப்பிய தேதி இருக்கிறது. 'உங்கள் செய்தி வந்து சேர்ந்தது, நன்றி' என்று பதிலும் இருக்கிறது.

யாருக்கு வந்து சேர்ந்தது?

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

'எங்களுக்கு எழுதுங்கள்' என்பதில் யார் எழுதினாலும் உனக்காக நான் தொடங்கிய மின்னஞ்சல் பெட்டிக்கு வந்து சேரும். அதன் கடவுச்சொல்லைத் திறப்பு விழா அன்றே அண்ணியிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் நம் சண்டை. உன் கடிதம் வந்த அன்று அந்தப் பெட்டியை நானே திறந்தேன். இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

விடுப்புப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கண் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒருவர். அதில் தேதி இருக்கிறது, அது போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கண் கழன்று வாஷ்பேசினில் விழுந்து கீறிவிட்டது, புதிதாகத்தான் செய்ய வேண்டுமா, இதையே மெருகேற்றலாமா என்று ஒரு ஆசிரியை. 'உங்கள் பக்கத்தில் அந்தக் கண் என்னையே பார்க்கிறது. எனக்குப் போன மாதம்தான் கண்ணை எடுத்தார்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க என்னால் முடியவில்லை, எப்போது திறந்திருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று ஒருவர்.

இவர்களையெல்லாம் ஒரு நொடியில் நிறுத்தியிருக்கிறேன், அண்ணா. நிறுத்தி அப்படியே நிற்க வைத்துவிட்டேன்.

அந்த அம்மாவின் கடிதம் நான்கே வரி. 'என் குழந்தைக்கு இன்று பத்தொன்பது நாள். இடது கண் இல்லை. குழந்தைக்கு வைப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள்.'

பிறகு பழைய கோப்புகளைத் திறந்தேன். உன் வரி முதல் வரைவில் இருக்கிறது. இரண்டாவதில் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மூன்றாவதில் இல்லை. அந்த வரி இருந்தால் கண்ணின் படம் ஒரு விரற்கடை கீழே இறங்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. நான்தான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உனக்கு அனுப்பினேன், நீ சரி என்றாய். ஆறு தாள்களை மார்தட்டி உனக்கு அனுப்பினேனே, அந்த ஆறிலும் உன் வரி கிடையாது.

வெளியே எடுத்துச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

சுண்டு


மார்ச் 6

சுண்டு,

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

அந்தச் சீட்டு இரண்டு வருடமாக வர்ணப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. உன் அண்ணி எத்தனையோ முறை திறந்து பார்க்கலாம் என்றாள். "அவ கடையை அவளே பாத்துக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். உன்மேல் இருந்த கோபத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் வாசலில் நிற்பது தெரியாமல் இரண்டு வருடம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். நீ ஒரு வரியை எடுத்தாய். அந்த வரி இல்லாமலே அவள் எழுதிக் கேட்டாளே! அதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் போதும். கணக்குப் போட்டால் என் பங்கு பெரிது. இதிலும் போட்டிக்கு வராதே.

அந்த அம்மா அளவு மாற்ற வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் நான், என்னால் முடியவில்லை. நீ எடுத்ததைச் சொன்னேன், நான் திறக்காததையும் சொன்னேன். உன் அண்ணி பக்கத்தில் நின்றாள்.

அந்த அம்மா குனிந்தாள். குழந்தையின் செருப்பு வாரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். பிறகு சொன்னாள்: "நான் அழுது முடிச்சுட்டேங்க, போன வருஷமே. இப்ப கோபப்படவும் எனக்கு நேரம் இல்ல. அடுத்த அளவு எப்ப மாத்தணும்?"

தேதி சொன்னேன். கைப்பையில் இருந்த காலண்டரில் குறித்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று, வெப்சைட் செய்கிற உங்கள் தங்கை அதை மாற்றப்போகிறாரா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

"கவுண்டர்ல ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வருவாங்க. படிச்சவங்க, படிக்காதவங்க, ஓடி வர்றவங்க, அழுதுக்கிட்டு வர்றவங்க. எல்லாரும் மூணே மூணு கேள்விதான் கேப்பாங்க. போகுமா, எப்பப் போகும், எங்க நிக்கணும். அதைச் சொல்லிட்டா மீதியை அவங்களே பாத்துக்குவாங்க. அதைச் சொல்லாம நான் என்ன சொன்னாலும் அவங்க காதுல விழாது."

நான் கையில் மெழுகோடு நின்றுகொண்டிருந்தேன். மெழுகு கெட்டியாகிப் போனதுகூடத் தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

அந்த அம்மா சொன்ன மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி என் திரைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கருத்தரங்குகளில் மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இரண்டு மூச்சில் அத்தனையையும் சொல்லிவிட்டார்.

விருதுத் தளத்தை முழுவதுமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அதற்கு முன் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்கியின் தொலைபேசி உதவிப் பிரிவு இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் ஒருவருக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை இல்லை. லிஃப்டில் பார்ப்போம், வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு கண்ணும் செயற்கைக் கண் என்பது உன் தங்கையான எனக்கே தெரியாது. அவராகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. செய்தவர் யாரோ, நல்ல கை.

என் தளத்தை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். 'பார்த்து' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "பாத்துடலாம், வாங்க" என்றார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அவருடைய கணினியில் இருக்கிறது. அது பேச ஆரம்பித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற வேகம். ஒரு எழுத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. அவரோ தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார். முதலில் ஒரு செய்திப் பக்கத்தைக் கேட்டார். நான் முழுதாகப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதில் மூன்றாவது பத்தியில் ஒரு எழுத்துப் பிழை என்று வேறு சொன்னார். அண்ணா, ஒரு மனிதக் காதுக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஆற்றின் குறுக்கே நின்று வெறுங்கையால் மீன் பிடிக்கிறவரைப் பார்ப்பது போல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு என் தளத்தைத் திறந்தார். எனக்காக வேகத்தைக் குறைத்து வைத்தார். குரல் சொன்னது:

'படம். படம். பொத்தான். பொத்தான். படம். பெயரில்லாத இணைப்பு. படம்.'

உன் பட்டறையின் முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் நான் அழகான எழுத்தில் எழுதிப் படமாக வைத்திருந்தேன். குரலுக்கு அதெல்லாம் வெறும் 'படம்'. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது என்ன கடைங்க?" என்றார்.

சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குறை சொல்கிற தொனியே இல்லாமல், "அப்ப என்னை மாதிரி ஆளுங்கதானே உங்க அண்ணன்கிட்ட வருவாங்க?" என்றார்.

என் பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

இப்போது தினமும் மதிய இடைவேளையில் அவரிடம் போய் உட்காருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தைக் கேட்கிறேன். கேட்டால் தெரிகிறது, எது வார்த்தை, எது ஜிகினா என்று. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்திருந்தேன், கறுப்பாக்கிவிட்டேன். திறந்து மூடும் கண்ணை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது எழுத்து மட்டும்தான். புதுப் பக்கத்தின் வரைவை அனுப்புகிறேன். இந்த முறை நீ படிக்க வேண்டும். 'சரி' என்று ஒரே வார்த்தையில் வந்தால் பேருந்து ஏறி வந்து சண்டை போடுவேன்.

சுண்டு


ஏப்ரல் 2

சுண்டு,

படித்தேன். இரண்டு முறை நானே படித்தேன், ஒரு முறை உன் அண்ணியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

முதல் வரியே 'பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை எல்லோருக்கும் இங்கே செயற்கைக் கண் வைக்கிறோம்' என்று இருக்கிறது. இருபது வருடமாக நான் செய்கிற வேலை ஒரு வரியில் அடங்கும் என்று நினைத்ததில்லை. அடங்கியும் அது சின்னதாகத் தெரியவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. 'வலிக்காது' என்று எழுதியிருக்கிறாய். அது பாதி உண்மை. குழந்தைகள் அழும். வலியில் அழாது, நாம் பிடித்துக்கொள்வது பிடிக்காமல் அழும். அதை அப்படியே எழுது. அழுகிற குழந்தையைப் பார்த்து, சொன்னது பொய் என்று நினைத்துவிட்டால் அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அடுத்தது, 'செயற்கைக் கண்ணால் பார்க்க முடியாது' என்பது எங்கேயும் இல்லை. எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டிருப்பாய். தெரியாது. மாதத்துக்கு ஒருவராவது பார்வை வரும் என்ற ஆசையோடு வருகிறார்கள். அவர்கள் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

உன் அண்ணி அந்த இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் பதில் எழுதி முடித்துவிட்டாள். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றேதான்: 'தாமதத்துக்கு எங்கள் கோபம்தான் காரணம், மன்னிக்கவும்.' யார்மேல் கோபம் என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். இதுவரை அறுபது பேர்வரை பதில் போட்டிருக்கிறார்கள். சிலர் வேறு இடத்தில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணக்காரர் கண் இல்லாமலே கல்யாணம் செய்துகொண்டாராம், இப்போது மனைவியோடு வருகிறேன் என்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேற்று அந்தக் குழந்தைக்கு மூன்றாவது அளவு வைத்தேன். பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசியின் தடிமன் இருக்கும். அவ்வளவு வளர்ந்திருக்கிறது. இரண்டு வயது தாண்டிய எலும்பு! உள்ளே ஒன்றைக் கொண்டுபோய் வைத்து, 'இங்கே ஒன்று இருக்கிறது, இடம் கொடு' என்று சொன்னால் அதற்குக் கேட்கிறது, சுண்டு. இத்தனை வருடம் பார்த்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் வைப்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. வளர்கிற வேலை முழுக்க அதனுடையது.

அந்த அம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழையதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

நீ சொன்ன இரண்டும் சேர்த்தாயிற்று. இன்று காலை பத்து மணிக்குப் புதுத் தளம் ஏறிவிட்டது. விழா, கேக் எதுவும் கிடையாது. நானும் கீழ்த்தளத்துக்காரரும் மட்டும். அந்த மூன்று கேள்வியையும் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் முதலிலிருந்து கடைசிவரை தன் மழை வேகத்தில் கேட்டு முடித்துவிட்டு, "போகுமா, எப்பப் போகும், எங்க நிக்கணும். மூணும் இருக்கு" என்றார். பிறகு உன் நேரம் கேட்டார். அடுத்த மாதம் தன் இரண்டு கண்ணுக்கும் மெருகேற்ற வருகிறாராம்.

வாடிக்கையாளர்களுக்கு முதலில் காட்டும் தளங்களின் வரிசையிலிருந்து பழையதை எடுக்கச் சொல்லிவிட்டேன். முதலாளி காரணம் கேட்டார். அது விருது வாங்கியது என்று நினைவுபடுத்தினார். விருது கொடுத்தவர்கள் யாருக்கும் கண் வைக்க வேண்டியிருக்கவில்லை சார் என்றேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஆனால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் இருக்கிற மீதி நாற்பது தளங்களையும் அந்தக் குரலில் கேட்க ஆள் வேண்டும் என்றார். கீழ்த்தளத்துக்காரரின் பெயரைச் சொன்னேன். சம்பளம் பேசப் போயிருக்கிறார்கள்.

என் கூட வேலை செய்பவள் ஒருத்தி புதுத் தளத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே?" என்றாள். ஆமாம் என்றேன். சந்தோஷமாக இருந்தது.

சுண்டு


மே 9

சுண்டு,

இதை அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் புரியாவிட்டால் உன் அண்ணிக்குப் போன் போட்டுக் கேள்.

இன்று காலை பதினொரு மணி இருக்கும். ஒரு ஆள் வந்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை. தோளில் துண்டு, அந்தத் துண்டுக்குள் ஒரு குழந்தை. பிறந்து எட்டு நாள். பெற்றவள் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இவர் மட்டும் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். குழந்தைக்கு வலது கண் இல்லை.

எட்டு நாள், சுண்டு! என் இருபது வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்ததில்லை. பெரிய டாக்டர்கள் சொல்லி அனுப்பியவர்கள்கூட ஒரு மாதம் தாண்டித்தான் வருவார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"போன்ல ஒரு அம்மா சொன்னாங்க" என்றார்.

நர்ஸாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். தனக்குப் படிக்கத் தெரியாது என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில், பக்கத்துக் கட்டில் பெண்ணின் தம்பியிடம் போனைக் கொடுத்து, கண் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு என்ன செய்வது என்று தேடச் சொல்லியிருக்கிறார். அவன் ஒரு பக்கத்தைத் திறந்து, வாசிக்கிற பொத்தானை அமுக்கி இவர் காதில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்று அதை நான்கு முறை கேட்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னார்:

"பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை எல்லோருக்கும் இங்கே செயற்கைக் கண் வைக்கிறோம். குழந்தை என்றால் தாமதிக்க வேண்டாம். தாய் வர முடியாவிட்டால் வேறு யாராவது கொண்டுவரலாம். பால் கொடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். குழந்தை அழும். வலியால் அல்ல, பிடித்துக்கொள்வது பிடிக்காமல் அழும். இந்தக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் முகம் நன்றாக வளரும்."

பிறகு முகவரி. எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரை. பிறகு திறந்திருக்கும் நேரம்.

உன் வாக்கியங்கள், சுண்டு. எங்கோ உட்கார்ந்து நீ எழுதிய ஒவ்வொரு சொல்லும், எழுத்தே தெரியாத ஒரு மனிதரின் வாயிலிருந்து, நெல்லில் ஒரு மணிகூடச் சிந்தாமல் வந்தது. பேசுகிற தமிழ் இல்லை அது, எழுதுகிற தமிழ். அவர் அதை மாற்றவே இல்லை. ஒரு சொல் மாறினாலும் வழி தவறிவிடும் என்பது போல அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். நான் திரும்பி உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் உன் வேலையை நான் என்னவென்று நினைத்திருந்தேன்? கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற மாதிரி ஏதோ என்றுதான்.

பால் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். அதற்கென்றே ஆஸ்பத்திரியில் கறந்து வாங்கி, சின்னக் குப்பியில் எடுத்து வந்து, கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்து சங்கில் புகட்டிவிட்டு வந்தாராம். போனில் அந்த அம்மா அப்படித்தானே சொன்னார்கள் என்றார்.

என்னிடம் இருப்பதிலேயே சின்ன அளவு அவ்வளவு சின்னதாக இல்லை. அவரை உட்கார வைத்துவிட்டு, ஒரு மிளகு அளவில் புதிதாகச் செய்தேன். வைத்தபோது அழுதது. அவர் பதறவே இல்லை. "புடிச்சதுக்குத்தான் அழுவுது, இல்லீங்களா?" என்று என்னிடமே சொன்னார். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. இமை தானாக மூடி, அந்த மிளகின்மேல் படிந்தது. அந்த முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளரும், சுண்டு. இந்தத் தொழிலில் நான் எதையும் நிச்சயமாகச் சொல்வதில்லை. இதைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது அவர் பட்டறையின் உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். போனில் பேசிய அம்மா உள்ளே இருக்கிறார்களா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். அது இயந்திரத்தின் குரல், எழுதியது என் தங்கை, அவள் இருப்பது வெகு தூரத்தில் என்று விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அண்ணி முந்திக்கொண்டாள்.

"அவங்க வெளியூர் போயிருக்காங்க. வர்ற இருபதாம் தேதி இங்கதான் இருப்பாங்க. நீங்க அடுத்த அளவுக்கு அன்னிக்கே வாங்க, நேர்லயே சொல்லிடலாம்" என்றாள்.

அவர் தலையை ஆட்டி, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். தேதியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். அவர் மறக்கமாட்டார்.

உன் அண்ணி இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். இதையும் பொய்யாக்கிவிடாதே.

அண்ணன்